முதல் சேஃப்டி ரேசர் வாங்கப் போறீங்களா? பிளேடு உறையில் மீசையோடு இருந்த அந்த மனுஷன் கதையைத் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க!

மேடவாக்கத்தில் ஏதாவது ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குள்ள போய் ஷேவிங் சாமான் தொங்கும் இடத்தில் நின்னு பாருங்க. கண்ணுக்கு நேரா மூணு பிளேடு, அஞ்சு பிளேடு கார்ட்ரிட்ஜ் எல்லாம் பளபளன்னு தொங்கும். மாற்று கார்ட்ரிட்ஜ் பாக்கெட்டின் விலையைப் பார்த்தால், அந்தக் காசுக்கு ரெண்டு பிரியாணி சாப்பிடலாமேன்னு தோணும். அதே கடையில், எங்கேயோ ஒரு ஓரத்தில், தீப்பெட்டியைவிடச் சின்னதா காகித உறையில் பிளேடு பாக்கெட் இருக்கும். நம்ம அப்பாவும் தாத்தாவும் வாங்கினாங்களே, அதே ரெண்டு பக்கம் கூர் உள்ள பிளேடு. ஒண்ணு சில ரூபாய்தான்.

இந்த ரெண்டுக்கும் நடுவில் ஏன் இவ்வளவு விலை வித்தியாசம்? ரீல்ஸ்ல பார்த்துட்டு சேஃப்டி ரேசர் வாங்க ஆசைப்படுற உங்களுக்கு இதுக்கான பதில் தெரிஞ்சா, எதை வாங்குறதுன்னு பாதி முடிவு தானா வந்துடும். பதில் ஒரு மனுஷனோட வாழ்க்கையில் இருக்கு. பேரு கிங் கேம்ப் ஜில்லெட். கிங் என்பது பட்டம் இல்லைங்க, அப்பா அம்மா வச்ச பேரே அதுதான். கேம்ப் என்பது அம்மா வீட்டுக் குடும்பப் பெயர்.

எல்லாம் எரிஞ்சுபோன வீட்டுப் பையன்

1855 ஜனவரி 5-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்தார் ஜில்லெட். பிறகு குடும்பம் சிகாகோவுக்குக் குடிபோனது. அப்பாவும் அண்ணன்களும் எதையாவது கழட்டி மாட்டி, புதுசா ஒண்ணு செய்து பார்க்கிற ரகம். அம்மா ஃபேனி சும்மா இருக்கலை. 1887-ல் அவர் எழுதிய சமையல் புத்தகம் அமெரிக்காவில் பல வருஷம் விற்பனையில் சக்கைப்போடு போட்டது.

1871-ல் சிகாகோ நகரமே தீப்பிடித்து எரிந்தது. வரலாற்றில் பேர் வாங்கிய பெரிய தீ விபத்து அது. ஜில்லெட் குடும்பத்தின் சொத்தும் அதில் போச்சு. பையனுக்கு அப்போ 16 வயசு. படிப்பு அதோட நின்னது. பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊராகப் போய் சரக்கு விற்கிற சேல்ஸ்மேன் ஆனார். இன்னைக்கு ஓ.எம்.ஆர் பக்கம் சேல்ஸ் டார்கெட்டைத் துரத்திக்கிட்டு பைக்கில் சுத்துற தம்பிகளுக்கு இந்த வாழ்க்கை புரியும். ரயில், லாட்ஜ், அடுத்த ஊர், திரும்ப ரயில். கிட்டத்தட்ட 20 வருஷத்துக்கு மேல இதுதான் அவர் வாழ்க்கை. நடுநடுவில் சின்னச் சின்னக் கண்டுபிடிப்புகளுக்கு காப்புரிமையும் வாங்கினார். எதுவும் பெரிசா காசு தரலை.

1890-களின் தொடக்கத்தில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனி ஒண்ணில் சேர்ந்தார். நீங்க சோடா பாட்டிலில் ஓப்பனர் வச்சு நெம்பித் திறக்கிறீங்களே, ஓரம் மடிஞ்ச தகர மூடி, அதைக் கண்டுபிடிச்சவர் வில்லியம் பெயின்டர். அவர்தான் முதலாளி. ஒருமுறை திறந்தால் அந்த மூடி குப்பைக்குத்தான். அடுத்த பாட்டிலுக்குப் புது மூடி வேணும். இந்த ரகசியத்தை பெயின்டர் தன் சேல்ஸ்மேனிடம் சொல்லிக் கொடுத்தார்: ஜனங்க ஒருமுறை உபயோகிச்சுட்டுத் தூக்கிப் போடுற மாதிரி ஒரு பொருளை யோசி, திரும்பத் திரும்ப உன்கிட்டயே வருவாங்க என்பதுதான் அந்த யோசனை.

ஜில்லெட்டுக்கு அது மண்டையில் ஏறிடுச்சு. இங்கிலீஷ் எழுத்து வரிசையை வச்சுக்கிட்டு, ஒவ்வோர் எழுத்திலும் ஆரம்பிக்கிற பொருளையெல்லாம் எழுதிப் பார்த்தாராம். எதுவும் சிக்கலை.

போட்டியே வேண்டாம்னு எழுதின முதலாளி

இங்கேதான் கதையில் யாரும் எதிர்பார்க்காத ஒரு விஷயம் வருது. தூக்கிப் போடுற பொருளைத் தேடிக்கிட்டு இருந்த அதே சமயத்தில், 1894-ல் ஜில்லெட் ஒரு புத்தகம் எழுதி வெளியிட்டார். அதில் அவர் சொன்னது, வியாபாரப் போட்டிதான் உலகத்தின் எல்லாத் துன்பத்துக்கும் காரணம் என்பது. ஒரே பொருளை நூறு கம்பெனி செய்றது வீண். உழைப்பு வீண், பொருள் வீண். எல்லாத்தையும் மக்களுக்கே சொந்தமான ஒரே ஒரு பெரிய கம்பெனி செய்யட்டும். நயாகரா அருவியில் மின்சாரம் எடுத்து, பக்கத்தில் ஒரே மகா நகரம் கட்டி, சுமார் 6 கோடி பேரை அடுக்குமாடிகளில் குடிவைக்கலாம். இதுதான் அவர் கனவு. பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர் பக்கம் வரிசையா நிற்கிற டவர்களைப் பார்த்திருந்தால் மனுஷன் சந்தோஷப்பட்டிருப்பாரோ என்னவோ.

வீணடிப்பதை வெறுத்தவர். ஆனா வீணாகும் பொருளால்தான் கோடீஸ்வரர் ஆனார். அவர் வாழ்க்கை முழுக்க இந்த முரண் கூடவே வந்தது.

ஒரு காலைப் பொழுது, மழுங்கின கத்தி

1895. பாஸ்டன் பக்கத்தில் புரூக்லைன் என்ற ஊரில் குடியிருந்தார். வயசு 40. காலையில் ஷேவ் பண்ணப் போனால் கத்தி மழுங்கிக் கிடந்தது. அப்போ இருந்தது மடக்கு சவரக் கத்தி. தினமும் தோல் பட்டையில் தீட்டணும். ரொம்ப மழுங்கினா கடையில் கொடுத்துச் சாணை பிடிக்கணும். கையில் கத்தியோடு நின்ன அந்த நேரத்தில்தான் அவருக்கு யோசனை வந்தது. முடியை வெட்டுவது கத்தியின் ஓரம் மட்டும்தானே? அந்த ஓரத்துக்காக எதுக்கு இவ்வளவு கனமான இரும்பு? மெல்லிய எஃகுத் தகட்டில் ரெண்டு பக்கமும் கூர் வைப்போம். அதை ஒரு பிடியில் இறுக்கி மாட்டுவோம். மழுங்கினா தூக்கிப் போட்டுட்டுப் புதுசு மாட்டுவோம்.

ஒண்ணைச் சரியாச் சொல்லிடணும். சேஃப்டி ரேசர் என்ற யோசனையே ஜில்லெட்டுடையது இல்லை. சதையில் கத்தி ஆழமா இறங்காமல் தடுக்க ஒரு காப்பு வைக்கலாம்னு 1760-களிலேயே பிரான்ஸில் பெரே என்பவர் செய்து காட்டிட்டார். 1880-ல் அமெரிக்காவில் காம்ஃபே சகோதரர்கள் மண்வெட்டி வடிவத்தில் சேஃப்டி ரேசர் விற்றார்கள். ஆனா அதில் இருந்ததும் தீட்டித் தீட்டிப் பயன்படுத்தும் கனமான கத்திதான். தீட்டவே வேண்டாம், மாத்தினால் போதும் என்பதுதான் ஜில்லெட்டின் பங்கு.

உங்க கையில் வரப்போற ரேசரும் ஏறக்குறைய அதேதான். மூணு பாகம்: மேல் மூடி, கீழ்த் தட்டு, கைப்பிடி. நடுவில் பிளேடை வச்சுத் திருகினால் பிளேடு லேசா வளைஞ்சு இறுகி நிற்கும். வளைஞ்சு நிற்பதால்தான் காகிதம் மாதிரி இருக்கும் தகடு கன்னத்தில் ஆடாமல் ஓடுது. முதல்முறை வாங்குறவங்க இந்த மூணு பாக மாடலையே எடுங்க. கைப்பிடியைத் திருகினா மேல்பக்கம் ரெண்டு கதவு மாதிரி திறக்கிற மாடலும் இருக்கு. பார்க்க அழகு. ஆனா உள்ளே சின்னச் சின்ன பாகங்கள் அதிகம். உப்புத் தண்ணியும் சோப்பும் போய்ப் படிஞ்சால் இறுகிப்போகும். மூணு பாகத்தைக் கழட்டிக் கழுவ ஒரு நிமிஷம் போதும்.

எம்.ஐ.டி முடியாதுன்னு சொன்னது

யோசனை ஒரு நொடியில் வந்துடுச்சு. பொருளாக்க 6 வருஷத்துக்கு மேல ஆச்சு. மெல்லிய எஃகுத் தகட்டைச் சூடாக்கிக் கடினப்படுத்தினா அது நெளிஞ்சுபோகும். நெளிஞ்ச தகட்டில் கூர் நிற்காது. ஜில்லெட் கத்திப் பட்டறைக்காரர்களைக் கேட்டார், உலோக நிபுணர்களைக் கேட்டார், எம்.ஐ.டி ஆட்களையும் கேட்டார். நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி இல்லைங்க, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் எம்.ஐ.டி. எல்லோரும் சொன்ன பதில் ஒண்ணுதான், இது நடக்காது. உலோகவியல் படிச்சிருந்தா நானும் அன்னைக்கே விட்டிருப்பேன் என்கிற அர்த்தத்தில் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கார்.

கடைசியில் அதே எம்.ஐ.டி-யில் படிச்ச ஒருத்தர்தான் வழி கண்டுபிடிச்சார். வில்லியம் நிக்கர்சன். தகடு நெளியாமல் கடினப்படுத்தும் முறையையும், அதைக் கூராக்கும் இயந்திரங்களையும் அவர் உருவாக்கினார். பிளேடு பாக்கெட்டில் அவர் பேர் இல்லை, படமும் இல்லை. ஆனா அவர் இல்லாட்டி அந்த பாக்கெட்டே இல்லை. 1901 செப்டம்பரில் கம்பெனி தொடங்கினாங்க. அடுத்த வருஷமே அதுக்கு ஜில்லெட் பேர் வந்தது.

1903-ல் விற்பனை ஆரம்பம். அந்த வருஷம் முழுக்க விற்றது எவ்வளவு தெரியுமா? 51 ரேசர், 168 பிளேடு. அவ்வளவுதான். கம்பெனிக்குக் கடன். ஜான் ஜாய்ஸ் என்ற பணக்காரர் கடும் நிபந்தனைகளோடு பணம் போட்டதால்தான் தப்பிச்சது. தன் பேரில் கம்பெனி இருந்தும், வீட்டுச் செலவுக்காக மூடி கம்பெனி வேலையை விடாமல் குடும்பத்தோடு லண்டனுக்குப் போனார் ஜில்லெட். ஸ்டார்ட்அப் தொடங்கிட்டு வேலையை விடலாமா வேண்டாமான்னு தவிக்கிறவங்களுக்கு இது தெரிஞ்ச வலிதான்.

1904-ல் நிலைமை மாறியது. அந்த வருஷம் 90,000-க்கும் மேல ரேசர் விற்றது. நவம்பர் 15-ல் காப்புரிமையும் கைக்கு வந்தது.

ரேசர் இலவசம் என்ற கட்டுக்கதை

எம்.பி.ஏ வகுப்பில் கேட்டிருப்பீங்க: ஜில்லெட் ரேசரைச் சும்மா கொடுத்து பிளேடில் காசு பார்த்தார்னு. பிரின்டர் மலிவு, இங்க் விலை அதிகம் என்பதுக்கும் இந்தக் கதையைத்தான் உதாரணமா சொல்வாங்க. ஆனா உண்மை வேற. காப்புரிமை இருந்த காலத்தில் பெரும்பாலும் ஜில்லெட் ரேசரின் விலை 5 டாலர். அன்னைக்கு ஒரு சாதாரணத் தொழிலாளியின் வாரச் சம்பளத்தில் ஒரு பெரிய பங்கு அது. வேற யாரும் அதே மாதிரி செய்ய முடியாது என்பதால் அந்த விலையை வைக்க முடிஞ்சது.

1918-ல் அமெரிக்க அரசு முதல் உலகப்போருக்குப் போன தன் வீரர்களுக்காக 35 லட்சம் ரேசரும் 3 கோடிக்கு மேல பிளேடும் வாங்கியது. போர் முடிஞ்சு ஊருக்கு வந்த இளைஞர்கள் வீட்டிலேயே ஷேவ் பண்ணும் பழக்கத்தோடு வந்தாங்க.

1921-ல் காப்புரிமை முடிஞ்சது. யார் வேணும்னாலும் அதே ரேசரைச் செய்யலாம். அது முடியப்போற நேரத்தில்தான், அதே வருஷம், ஜில்லெட் பழைய மாடலை ஒரு டாலருக்கு இறக்கியது. அதுவரை 5 டாலருக்கு விற்ற அதே ரகம்! விலையை இறக்க வச்சது கம்பெனியின் தாராள மனசு இல்லை; போட்டி வரப்போகுது என்ற பயம்தான்.

போட்டியை ஒழிக்கணும்னு புத்தகம் எழுதினவரின் ரேசர், போட்டி வரப்போற நேரத்தில்தான் ஏழைக்கும் எட்டியது.

இதை இன்னைக்குக் கடையில் பொருத்திப் பாருங்க. 1971-ல் ரெட்டை பிளேடு கார்ட்ரிட்ஜ் வந்தது, 1998-ல் மூணு பிளேடு, 2006-ல் அஞ்சு பிளேடு. ஒவ்வொரு புது மாடலுக்கும் புதுக் காப்புரிமை, புது இணைப்பு. நீங்க வாங்கின கைப்பிடிக்கு எந்த கார்ட்ரிட்ஜ் பொருந்துமோ அதைத்தான் வாங்கியாகணும். பழைய ரெட்டைக்கூர் பிளேடுக்கு அந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. விலை வித்தியாசத்துக்குப் பெரிய காரணம் இதுதான்.

நடுவில் இருக்கும் நீளத் துளை

1910 வாக்கில் ஜில்லெட் தன் பங்குகளில் பெரும்பகுதியை ஜாய்ஸுக்கு விற்றுட்டார். தலைவர் பதவி பேருக்கு இருந்தது, முடிவெடுக்கிறது மற்றவங்க. அவர் முகம் மட்டும் ஒவ்வொரு பிளேடு உறையிலும் உலகம் சுத்தியது. மொழி தெரியாத ஊரிலும் அந்த மீசைக்காரர் யாருன்னு ஜனங்களுக்குத் தெரியும்.

கையில் பணம் வந்ததும் பழைய கனவு திரும்ப வந்தது. உலகத்துக்கே ஒரே கம்பெனின்னு 1910-ல் அரிசோனாவில் பதிவு செய்து, அதுக்குத் தலைவரா வரச் சொல்லி, முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கு 10 லட்சம் டாலர் சம்பளம் பேசினார். ரூஸ்வெல்ட் மாட்டேன்னுட்டார். 1924-ல் எழுத்தாளர் அப்டன் சின்க்ளேர் துணையோடு இன்னொரு புத்தகம் எழுதினார். யாரும் அசையலை. அவரோட பிளேடை உலகமே வாங்கியது. அவரோட யோசனையை ஒருத்தரும் வாங்கலை.

1920-களின் கடைசியில் ஹென்றி கெய்ஸ்மன் என்ற போட்டியாளர் புது பிளேடு ஒண்ணுக்கு காப்புரிமை வாங்கினார். அந்த பிளேடு ஜில்லெட் ரேசரிலும் பொருந்தும். பழைய ஜில்லெட் பிளேடில் மூணு வட்டத் துளைகள் இருந்தன. இந்தச் சண்டைக்குப் பிறகுதான் நடுவில் நீளத் துளை உள்ள வடிவம் நிலைச்சது. சண்டை முற்றி, 1930-ல் ரெண்டு கம்பெனியும் இணைந்தன. கணக்கைத் திறந்து பார்த்தபோது, ஜில்லெட் கம்பெனி பல வருஷமா லாபத்தைக் கூட்டிக் காட்டியிருந்தது தெரிஞ்சது. பங்கு விலை விழுந்தது. 1931-ல் ஜில்லெட் தலைவர் பதவியிலிருந்து விலகினார்.

கலிஃபோர்னியாவில் நிலம், பண்ணை வீடு என்று போட்ட பணமும் பெருமந்தத்தில் கரைஞ்சது. 1932 ஜூலையில், 77 வயதில், கலிஃபோர்னியாவில் இறந்தார். உலகம் முழுக்க முகம் தெரிஞ்ச அந்த மனுஷனின் கையில் அப்போ மிஞ்சியிருந்தது கொஞ்சம்தான்.

உங்களுக்கு மிஞ்சியது அந்த நீளத் துளை. இன்னைக்கு எந்த நாட்டில் செய்த ரெட்டைக்கூர் பிளேடா இருந்தாலும், எந்த கம்பெனி ரேசரிலும் பொருந்தும். டோபாஸ் பிளேடைச் சீன ரேசரில் போடலாம். ஜெர்மன் ரேசரில் செவன் ஓ கிளாக் போடலாம். சலூனில் அண்ணன் ஒரு பிளேடை உறையோடு ரெண்டா ஒடிச்சு, பாதியைக் கத்தியில் செருகுறாரே, அதுவும் இதே பிளேடுதான். 'செம பிளேடுப்பா'ன்னு நாம கிண்டலடிக்கிற வார்த்தை வரைக்கும் ஊறிப்போன பொருள் இது.

அதனால முதல் வாங்கலில் இதைக் கடைப்பிடிங்க: ரேசரை யோசிச்சு வாங்குங்க, பிளேடைப் பற்றிக் கவலைப்படாதீங்க. ரெண்டு மூணு பிராண்டில் ஒவ்வொரு சின்ன பாக்கெட் வாங்கி, ஒவ்வொண்ணா போட்டுப் பாருங்க. ஒருத்தர் முகத்துக்கு வழவழன்னு ஓடுற பிளேடு இன்னொருத்தருக்கு எரியும். ஒரு நேரத்தில் ஒண்ணை மட்டும் மாத்தினால்தான் எதனால எரியுதுன்னு தெரியும்.

ரேசரில் பார்க்க வேண்டியது இவ்வளவுதான்:

கீழ்த் தட்டின் ஓரம் நேராக இருக்கட்டும். சீப்புப் பல் மாதிரி இருக்கும் வகை அடர்த்தியான தாடியை எடுக்கும். முதல்முறைக்கு அது வேண்டாம்.

மென்மையான ரகம்னு சொல்லி விற்பதை எடுங்க. பிளேடுக்கும் தட்டுக்கும் இடைவெளி அதிகமா இருக்கிற ரேசர், கை பழகாதவங்க முகத்தைப் பதம் பார்த்துடும்.

எடை கொஞ்சம் இருக்கணும். நீங்க அழுத்தாமல் ரேசரின் கனமே வேலை செய்யணும். கையில் பிடிச்சா தலைப் பக்கம் லேசா சாயணும். ஈரக் கையில் வழுக்காத மாதிரி கைப்பிடியில் வரிவரியா வெட்டு இருக்கணும்.

பிளேடை மாட்டிட்டு மேலிருந்து பாருங்க. ரெண்டு பக்கமும் ஒரே அளவு வெளியே தெரியணும். ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைவுன்னா அந்த ரேசரைத் திருப்பிக் கொடுத்துடுங்க.

மலிவு ரேசர்கள் பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்து மேலே குரோம் பூசியவை. கீழே போடாமல் வச்சிருந்தால் சில வருஷம் உழைக்கும். பூச்சு உரிய ஆரம்பிச்சால் மாத்திடணும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் விலை கூட; ஆனா ஆயுசுக்கும் வரும். முதல் ரேசருக்கு அவ்வளவு செலவு தேவையில்லை. பழக்கம் பிடிச்ச பிறகு பார்த்துக்கலாம்.

ஒரு குவளைத் தண்ணி

ஜில்லெட் இறந்து 70 வருஷம் கழிச்சு அவர் பேரில் இருந்த கம்பெனி இந்தியாவுக்குன்னு ஒரு மலிவு ரேசர் செய்தது. அமெரிக்க எம்.ஐ.டி-யில் படிக்கும் இந்திய மாணவர்களைக் கூப்பிட்டு ஷேவ் பண்ண வச்சு சோதிச்சாங்க. எல்லோரும் நல்லா இருக்குன்னாங்க. இங்கே கொண்டுவந்து இறக்கினா சிக்கல். அமெரிக்காவில் அந்தப் பசங்க ஷேவ் பண்ணது ஓடுற குழாய்த் தண்ணியில். இங்கே நிறைய வீடுகளில் ஒரு குவளைத் தண்ணியில் முக்கி முக்கித்தான் ஷேவ் நடக்குது. முடி அடைச்சுக்கிட்டு ரேசர் வேலை செய்யலை. அதுக்கப்புறம் கம்பெனி ஆட்கள் இங்கே வந்து, வீடு வீடா உட்கார்ந்து கவனிச்சாங்க. 2010-ல் ஒரே பிளேடு உள்ள கார்டு ரேசர் வந்தது. அப்போ விலை 15 ரூபாய், மாற்று பிளேடு 5 ரூபாய்.

இதில் உங்களுக்கும் ஒரு பாடம் இருக்கு. ரேசர் உங்க தண்ணிக்குப் பொருந்தணும். ரெட்டைக்கூர் ரேசரில் ரெண்டு பக்கமும் திறந்த இடம் அதிகம். குவளையில் ஒருமுறை ஆட்டினால் முடியும் நுரையும் போயிடும்.

மேடவாக்கம், பள்ளிக்கரணை, தாம்பரம் பக்கத்தில் போர் தண்ணி உள்ள வீட்டில் இருந்தா இன்னொண்ணும் தெரியும். சோப்பு நுரைக்காது. கடினத் தண்ணியில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து பிசுக்கா மாறிடும். நுரை சரியில்லாமல் எந்த விலை ரேசரைப் போட்டாலும் எரியும். குடிக்கிற கேன் தண்ணியில் ஒரு டம்ளர் எடுத்து வெதுவெதுன்னு சூடாக்கி, அதில் பிரஷ்ஷை நனைச்சு நுரை கட்டுங்க. முகம் கழுவ போர் தண்ணி போதும். ரேசரைப் பற்றி வரும் புகாரில் பாதி இதிலேயே சரியாகிடும்.

கன்னத்தில் வைக்கும்போது கைப்பிடி ஏறக்குறைய 30 டிகிரி சாய்வில் இருக்கட்டும். அழுத்தாதீங்க. முடி வளர்ற திசையிலேயே சின்னச் சின்னதா இழுங்க. கழுத்தில் முடி எந்தப் பக்கம் வளருதுன்னு முன்னாடியே தடவிப் பார்த்துக்கோங்க. முதல் பத்து நாள் எதிர்த்திசை வேண்டாம். பரு இருக்கிற இடத்தை விட்டுடுங்க. முடிச்சதும் படிகாரக் கல்லை நனைச்சுத் தேய்ச்சா சின்னக் கீறலில் ரத்தம் நிற்கும். நாலஞ்சு ஷேவுக்கு ஒருமுறை பிளேடை மாத்துங்க. அதுக்கு முன்னாடியே இழுத்துப் பிடிச்சா அன்னைக்கே மாத்துங்க. விமானத்தில் போறப்போ பிளேடைக் கைப்பையில் வைக்காதீங்க, எடுத்துக்குவாங்க.

மழுங்கின பிளேடு எங்கே போகுது?

வீணாவதை வெறுத்த மனுஷன், தூக்கிப் போடு என்று உலகத்துக்குப் பழக்கிட்டுப் போனார். தூக்கிப் போட்டது எங்கே போய் விழும்னு அன்னைக்கு யாரும் யோசிக்கலை. நீங்க குப்பைப் பையில் போடுற பிளேடு, மறுநாள் காலை அதைப் பிரிக்கிற தூய்மைப் பணியாளரின் விரலுக்குத்தான் முதலில் போகுது. அவர் கையில் எப்பவும் கையுறை இருக்கும்னு சொல்ல முடியாது.

வழி சுலபம். பழைய தகர டப்பா ஒண்ணு எடுத்து, மூடியில் பிளேடு நுழையுற அளவு கீறல் போட்டு, டேப்பால் ஒட்டிடுங்க. மழுங்கின பிளேடெல்லாம் அதுக்குள்ள. வாரம் ஒரு பிளேடுன்னாலும் நிறைய வருஷம் ஆகும். நிறைஞ்சதும் கீறலை ஒட்டி அடைச்சு, உள்ளே பிளேடுன்னு எழுதித் தனியா கையில் கொடுங்க. பிளேடு முழுக்க எஃகு. பிளாஸ்டிக்கில் புதைஞ்ச கார்ட்ரிட்ஜ் மாதிரி இல்லாமல் இதை உருக்க முடியும்.

கடையில் போய் நிற்கும்போது கண்ணுக்கு நேரா தொங்குறதை மட்டும் பார்த்துட்டு வந்துடாதீங்க. ஓரத்தில் இருக்கும் அந்தச் சின்னக் காகிதப் பாக்கெட்டையும் கையில் எடுத்துப் பாருங்க. அது எந்தக் கம்பெனிக்கும் தனியா சொந்தமில்லாத வடிவம். ஒரு கம்பெனி விலையேத்தினா அடுத்த பாக்கெட்டுக்கு மாறிக்கலாம். அதே ரேசர் உங்க கூடவே இருக்கும்.